ஒரு செங்கற் சுவரைப் படிப்போம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் எஸ்ஸெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் என்னும் மாவட்டங்கள் உள்ளன. கோதுமையும் பார்லியும் விளையும் சமவெளி. அந்த வயல்களுக்கு நடுவே ஆங்காங்கே சிவந்த செங்கல் வீடுகள் தனித்து நிற்பதைக் காணலாம். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை, கூரையின் நடுவே எழும் தடித்த புகைபோக்கி, அதற்கு நேர் கீழே வாசற்கதவு. இவை பிரபுக்களின் மாளிகைகள் அல்ல. உழவர்கள் குடியிருந்த பண்ணை வீடுகள். முந்நூறு, நானூறு ஆண்டுகளாக மழையையும் உறைபனியையும் தாங்கி நின்றவை பல.

இத்தகைய வீடுகளில் சிலவற்றின் சுவர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் விரைவாக உதிரத் தொடங்கின. செங்கல்லின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து விழுகிறது. உள்ளே உத்திரத்தின் முனை இற்றுப்போகிறது. ஆராய்ந்து பார்த்தால், பல வீடுகளில் காரணம் ஒன்றே: சுவரை வலுப்படுத்துவதாக எண்ணி அதன் இடுக்குகளில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள்! மென்மையான சாந்தினால் கட்டிய சுவர் நானூறு ஆண்டு நிற்கிறது. கெட்டியான சாந்தினால் செப்பனிட்டதும் நோயுறுகிறது. இது முரணாகத் தோன்றுகிறதல்லவா? இதற்கு விடை காண வேண்டுமானால், அந்தச் சுவர் எவ்வாறு உருவாயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மறைந்து மீண்ட செங்கல்

பிரிட்டனுக்குச் செங்கல்லைக் கொண்டுவந்தவர்கள் ரோமானியர்கள். கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி முடிந்ததும் செங்கல் அறுக்கும் தொழிலும் அங்கே மறைந்துபோயிற்று. பின்வந்த பல நூற்றாண்டுகள், தேவைப்பட்டவர்கள் ரோமானியரின் பாழடைந்த கட்டடங்களைப் பெயர்த்து அந்தச் செங்கற்களையே மீண்டும் பயன்படுத்தினர். 1077-இல் கட்டத் தொடங்கிய செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்தின் கோபுரத்தில் இன்றும் அந்த ரோமானியச் செங்கற்களைக் காணலாம்.

புதிதாகச் செங்கல் சுடும் வழக்கம் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் கிழக்கு இங்கிலாந்தில் மீண்டும் தலைகாட்டியது. சஃபோக் மாவட்டத்தின் லிட்டில் வெனம் மாளிகை ஏறத்தாழ 1270-க்கும் 1280-க்கும் இடையே கட்டப்பட்டது. செங்கல்லால் கட்டிய ஆங்கில வீடுகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. கிழக்கில் ஏன் முதலில் வந்தது? அங்கே கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் இல்லை, களிமண்ணோ ஏராளம். மேலும், கடலுக்கு அப்பால் இருந்த நெதர்லாந்துப் பகுதிகளில் செங்கல் வேலை சிறந்து விளங்கியது. அங்கிருந்து கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

வெகுகாலம் அது செல்வர்களின் பொருளாகவே இருந்தது. 1515-இல் கார்டினல் வுல்சி தொடங்கிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. உழவர்கள் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையில் குச்சி பின்னி, சாணமும் வைக்கோலும் கலந்த மண் அப்பிய வீடுகளில் வாழ்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை ஏறியது. சொந்த நிலம் வைத்திருந்த உழவர்கள் கையில் பணம் புரண்டது. 1570 முதல் 1640 வரையிலான காலத்தில் கிராமப்புற இங்கிலாந்தே புதிதாகக் கட்டப்பட்டது என்று வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இந்த மாற்றம் எல்லா மாவட்டங்களிலும் ஒரே காலத்தில் நிகழவில்லை, சில இடங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை நீண்டது என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். என்றாலும், அவர் சுட்டிய மாற்றம் உண்மையானதே.

புகைபோக்கி செய்த புரட்சி

உழவன் வீட்டில் செங்கல் முதலில் சுவராக நுழையவில்லை. புகைபோக்கியாகவே நுழைந்தது எனலாம். அதற்கு முன் வீட்டின் நடுக்கூடத்தில் தரையிலேயே நெருப்பு எரியும். புகை மேலெழுந்து கூரை இடுக்குகள் வழியே வெளியேறும். கூடத்துக்கு மேல்தளம் போட இயலாது; போட்டால் புகை எங்கே போகும்? இன்றும் சில பண்ணை வீடுகளின் பரணில் ஏறிப் பார்த்தால், கைமரங்கள் கரி படிந்து கறுத்திருப்பதைக் காணலாம். அந்த வீடு புகைபோக்கி வருவதற்கு முன்பே கட்டப்பட்டது என்பதற்கு அந்தக் கரியே சாட்சி.

எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577-இல் வெளியிட்ட நூலில், தம் ஊர் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றங்கள் மூன்று என்று குறிப்பிடுகிறார்: புதிதாக எழுந்த ஏராளமான புகைபோக்கிகள், மேம்பட்ட படுக்கை, மரத் தட்டுகளுக்குப் பதிலாக வந்த உலோகப் பாத்திரங்கள். படுக்கையோடும் தட்டோடும் புகைபோக்கியையும் சேர்த்துச் சொன்னார்கள் அல்லவா, அதிலிருந்தே அது அன்றாட வாழ்வை எவ்வளவு மாற்றியது என்பது விளங்கும்.

வீட்டின் நடுவே ஒரு பெரிய செங்கல் தூணாகப் புகைபோக்கியை எழுப்பினார்கள். அதன் ஒரு பக்கம் சமையலும் உணவும் நடக்கும் கூடம். மறுபக்கம் விருந்தினரை அமர்த்தும் அறை. இரண்டுக்கும் முதுகோடு முதுகாக இரண்டு கணப்புகள். புகை குழாய்க்குள் அடங்கிவிட்டதால் கூடத்துக்கு மேலே தளம் போட்டு மாடியறைகள் கிடைத்தன. வாசற்கதவைத் திறந்தால் எதிரே புகைபோக்கியின் பக்கச் சுவர் நிற்கும். அதற்கும் கதவுக்கும் இடையே ஒரு சிறு நடை. இடமும் வலமும் அறைகளுக்கு வழி. பல வீடுகளில் தூணின் மறுபுறத்தில் மாடிப்படி. கதவைத் திறந்ததும் வாடைக்காற்று நேரே கணப்பை நோக்கிப் பாயாது. இரவு முழுவதும் சூடான செங்கல் மெல்ல வெப்பத்தை வெளிவிட்டு மாடியறைகளையும் கதகதப்பாக வைத்திருக்கும். ஒரே தூணில் இத்தனை வசதிகள்! ஆகவே, சாலையில் நின்றபடியே, கூரை முகட்டில் புகைபோக்கி எங்கே இருக்கிறது, அதற்கு நேர் கீழே கதவு இருக்கிறதா என்று பார்த்தால் வீட்டின் உள் அமைப்பை ஓரளவு ஊகித்துவிடலாம்.

புகைபோக்கியின் உச்சியை எண்கோணமாகவும் முறுக்கியும் அழகுபடுத்துவதும் பெருமைக்குரியதாயிற்று. சஃபோக் மாவட்டத்து ஃப்ராம்லிங்கம் கோட்டை மீது நிற்கும் அலங்காரப் புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றில் புகையே வந்ததில்லை. அவை வெறும் அலங்காரம்! ஆடம்பரத்தில் உழவரை மட்டும் குறை சொல்வானேன்?

களிமண்ணும் நெருப்பும்

இந்தச் செங்கற்கள் பெரும்பாலும் அருகிலேயே தோன்றியவை. இலையுதிர் காலத்தில் களிமண்ணைத் தோண்டிக் குவித்துவிடுவார்கள். குளிர்காலம் முழுதும் உறைபனி அந்தக் கட்டிகளைப் பிளந்து பொடியாக்கும். வசந்தத்தில் மிதித்துப் பிசைந்து, கோடையில் மரச் சட்டத்தில் அடித்து, சில வாரங்கள் நிழலில் உலர்த்தி, பின் சூளை வைப்பார்கள். ஆண்டின் நான்கு பருவங்களும் ஒரு செங்கல்லுக்குத் தேவைப்பட்டன.

செங்கல்லின் நிறம் மண்ணின் வேதியியலைக் காட்டும். களிமண்ணில் உள்ள இரும்பு, காற்றோட்டமான சூளையில் ஆக்ஸிஜனோடு கூடிச் சிவப்பு நிறம் தரும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருந்தால் கல் மஞ்சளாகவோ வெளிர் நிறமாகவோ வெளிவரும். கேம்பிரிட்ஜ் பக்கத்து வீடுகள் அப்படிப்பட்டவை. விறகு எரியும் வாயை ஒட்டி அடுக்கிய கற்களின் முனைகளில், விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்பு படிந்து, கண்ணாடி போன்ற கருநீலப் பளபளப்பு ஏறிவிடும். இதைக் குறையாகக் கருதாமல், அந்த முனைகளை வெளியே காட்டிச் சுவரில் சாய்சதுரக் கோலம் போட்டார்கள் அக்காலக் கொத்தர்கள்.

சூளையில் எல்லாக் கற்களும் ஒரே அளவு வேகுவதில்லை. நன்கு வெந்தவை வெளிமுகத்துக்கும் புகைபோக்கிக்கும் போகும். அரைவேக்காட்டுக் கற்கள் உட்சுவருக்குப் போகும். நன்கு வெந்த கல்லிலும் வெளித்தோல் கெட்டியாகவும் உட்பகுதி சற்று மென்மையாகவும் இருக்கும். ரொட்டியின் மேலோடு போன்ற இந்தத் தோலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

அடுக்கும் முறையும் அரசாங்க வரியும்

ஒன்பது அங்குலம் கனமுள்ள சுவரில் கற்களை இருவிதமாக வைக்கலாம்: நீளப்பக்கம் வெளியே தெரியும்படி ஒன்று, தலைப்பக்கம் வெளியே தெரிய, சுவரின் குறுக்கே ஊடுருவும்படி மற்றொன்று. ஒரு வரிசை முழுதும் நீளப்பக்கம், அடுத்த வரிசை முழுதும் தலைப்பக்கம் என மாறிமாறி வந்தால் அது ‘இங்கிலீஷ் பாண்டு’. ஒரே வரிசையில் நீளம், தலை, நீளம், தலை எனத் தொடர்ந்தால் ‘ஃப்ளெமிஷ் பாண்டு’. நம் நாட்டுப் பாலிடெக்னிக் மாணவர்களும் இந்தப் பெயர்களையே படிக்கிறார்கள். பழைய பண்ணை வீடுகளில் முதல் வகையே மிகுதி. 1631-இல் லண்டனுக்கு அருகே கியூ என்னுமிடத்தில் கட்டப்பட்ட மாளிகையில் இரண்டாம் வகை சிறப்பாகக் கையாளப்பட்டது. அதன்பின் அது நாகரிகமாகி, பதினெட்டாம் நூற்றாண்டில் உழவர் வீட்டின் முகப்பு வரை வந்து சேர்ந்தது. முகப்புக்கு மட்டுமே வந்து சேர்ந்த வீடுகளும் உண்டு! தெருப்பக்கம் ஒழுங்கான செங்கல் முகம். பின்னால் சுற்றிப் போனால் பழைய மரச்சட்டமும் மண்பூச்சும். பணம் போதாதவர்கள் எங்கும் செய்வதுதான்.

1784-இல் செங்கல்லுக்கே வரி விதித்தது பிரிட்டிஷ் அரசு. அமெரிக்கப் போரினால் ஏற்பட்ட கடனை அடைக்க, ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். பின்னர் அது இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. எண்ணிக்கைக்குத்தான் வரி, அளவுக்கு அல்ல. உடனே சிலர் பெரிய கல் அறுக்கத் தொடங்கினர். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பழைய மெல்லிய கற்களை நான்கு வரிசை அடுக்கினால், சாந்தும் சேர்ந்து சுமார் 10 அங்குல உயரம் வரும். தடித்த கற்களில் நான்கு வரிசைக்கு 12 அங்குலம் வரும். அதாவது அதே உயரச் சுவருக்கு ஆறில் ஒரு பங்கு கல்லும் வரியும் மிச்சம். அரசு சும்மா இருக்குமா? 1803-இல், 150 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு இரட்டை வரி என்று ஆணையிட்டது. 10 × 5 × 3 என்ற அளவுக்கு மேல் போனால் தண்டனை என்று பொருள். வயல் வடிகால் கட்டும் கல்லுக்கு மட்டும், அதில் ‘டிரெயின்’ என்ற சொல்லை அச்சிட்டால், பிற்காலத்தில் விலக்கு கிடைத்தது. 1850-இல்தான் இந்த வரி ஒழிந்தது.

எனவே, தடித்த கல் என்றால் பெரும்பாலும் பிற்காலச் சுவர் என்று கொள்ளலாம். ஆனால் கல்லின் அளவை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்வது ஆபத்து. ஊருக்கு ஊர் அளவு மாறியது, பழைய கற்களைப் புதுச் சுவரிலும் வைத்தார்கள். அடைக்கப்பட்ட சன்னல்களும் இப்படித்தான். 1696 முதல் 1851 வரை சன்னல் வரி இருந்ததால் பலர் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்தனர் என்பது உண்மை. பால் அறை, பாலாடைக்கட்டி அறை இவற்றின் சன்னலுக்கு விலக்குப் பெற, அந்த அறையின் பெயரை வெளியே எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஆனால் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1809-இல் குடியேறிய ஹாம்ப்ஷயர் செங்கல் வீட்டில் சாலைப்பக்கச் சன்னல் ஒன்று அடைக்கப்பட்டது வரிக்காக அல்ல. போவோர் வருவோர் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காக!

நனைந்து உலரும் சுவர்

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தச் சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் இல்லை. பிற்காலச் சுவர்களைப் போல நடுவே வெற்றிடமும் இல்லை. மழை பெய்தால் செங்கல் நீரை உறிஞ்சும். மழை நின்றதும் காற்றும் வெயிலும் அந்த நீரை வெளியே இழுக்கும். உள்ளே எரியும் கணப்பு அறைக்காற்றைப் புகைபோக்கி வழியே இழுத்து ஈரத்தைப் போக்கும். நனைவதைத் தடுப்பதல்ல, நனைந்தது விரைவில் உலர்வதே இந்தச் சுவரின் தத்துவம். தடித்த கம்பளிக் கோட்டு அணிந்து மழையில் நடப்பதற்கு இதை ஒப்பிடலாம். ரப்பர் கோட்டுக்கு ஒப்பிடக் கூடாது.

உலர்வதற்கு முக்கிய வழி சாந்துதான். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிராம் வாயுவாகப் போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் விட்டால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்போடு மணல் சேர்த்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலிருந்து இழந்த கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. மலையிலிருந்து வந்த கல், சுவரில் மறுபடியும் கல்லாகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்தான் இந்த மாற்றம் உள்ளே செல்லும் என்பது பொதுவான கணக்கு.

இவ்வாறு உருவாகும் சாந்து செங்கல்லை விட மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. சுவரில் உள்ள நீர், எளிய வழியான சாந்தின் வழியே வெளியேறுகிறது. நீரில் கரைந்து வரும் உப்புகளும் சாந்தின் முகத்திலேயே பூக்கின்றன. உப்பும் பனியும் அரிப்பது சாந்தை, செங்கல்லை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுக்குச் சாந்து தேய்ந்தால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். தேய்வதே அதன் வேலை. இன்னொரு நன்மையும் உண்டு. களிமண் தரை கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வீடும் அதனோடு மயிரிழை அசையும். மென்மையான சாந்து அந்த அசைவுக்கு இடம் கொடுக்கிறது. சிறு விரிசல் விழுந்தாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கே படிந்து விரிசலை அடைத்துவிடுவதும் உண்டு.

லீட்ஸ் நகரத்தவரான ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் அது வீட்டுக் கொத்து வேலையில் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்தது. விரைவில் இறுகும், வேலை சீக்கிரம் முடியும். கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. புதுச் சுவருக்கு அது மிக நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை. பழைய சுவரின் இடுக்கில் அதைத் திணிக்கும்போதுதான் தொல்லை. நீர் வெளியேறும் பாதை அடைபடுகிறது. இறுகும்போது சுருங்குவதால் சிமெண்டுக்கும் கல்லுக்கும் இடையே நூலிழை விரிசல் விழுகிறது. மழை அதன் வழியே உள்ளே புகும், வெளியேற வழியில்லை. இனி ஈரம் போக ஒரே வழி செங்கல்தான். உப்பு இப்போது செங்கல்லின் தோலுக்குள் படிகமாகிறது. குளிர்கால இரவில் அங்கே தங்கிய நீர் உறைகிறது. உறையும் நீர் 9 சதவீதம் பருமனில் பெருகும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த அழுத்தத்தில் நாம் முன்பு கண்ட மேல்தோல் பெயர்ந்து விழுகிறது. தோல் போன கல்லின் உட்பகுதி மென்மையானதால் அடுத்தடுத்த பனியில் குழி ஆழமாகிறது. முடிவில், சிமெண்டு மட்டும் தேன்கூட்டின் சட்டம்போல் நீட்டிக்கொண்டு நிற்க, நடுவிலிருந்த செங்கல் உள்வாங்கிப் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மாடியைத் தாங்கும் ஓக் மர உத்திரங்களின் முனைகள் இந்தச் சுவருக்குள் பதிந்திருக்கின்றன. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஈர ஓக்கைத் துளைக்கும் வண்டும் வரும். மூடிய கணப்பு, காற்றுப் புகாத புதுச் சன்னல், சுவரில் பிளாஸ்டிக் வண்ணப்பூச்சு ஆகியவை சேர்ந்தால், வீட்டுக்காரர் செலவழித்த ஒவ்வொரு பவுனும் தம் உத்திரத்தை இற்றுப்போகச் செய்யவே பயன்படும். மணலை வேகமாகப் பீச்சிச் சுவரைச் ‘சுத்தம்’ செய்வதும் இதே வகைக் கொடுமை. அது தோலை ஒரே நாளில் உரித்துவிடும்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லி அழிப்பதை எதிர்த்து, வில்லியம் மாரிஸ் 1877-இல் ஒரு பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அது இன்றும் சுண்ணாம்பு வேலையைக் கற்பித்து வருகிறது. 1700-க்கு முன் கட்டப்பட்டு ஓரளவு பழைய நிலையில் எஞ்சியிருக்கும் கட்டடங்களுக்கு இங்கிலாந்தில் இன்று சட்டப் பாதுகாப்பும் உண்டு. அவற்றின் இயல்பை மாற்றும் வேலைக்கு முன்கூட்டி ஒப்புதல் பெற வேண்டும். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே பூசிய சிமெண்டை என்ன செய்வது? கெட்டியாகப் பற்றிக்கொண்ட சிமெண்டை இயந்திரத்தால் அறுத்தெடுக்கப் போனால் செங்கல்லின் விளிம்பும் சேர்ந்து உடைகிறது. அத்தகைய இடங்களில், சில பனிக்காலங்கள் பொறுத்திருந்து அது தானே தளர்ந்த பிறகு கையுளியால் எடுப்பதே மேல் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

எடுத்தபின், இடுக்கின் அகலத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு ஆழத்துக்குச் சுத்தம் செய்து, நீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு அளவில் பருமணல் கலந்த சாந்தை அழுத்தி வைக்கிறார்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. ஆகவே வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் சுவரின்மேல் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் சாந்தை அவசரமாக உலர்த்திவிடாமல் பல நாட்கள் காக்கிறார்கள். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பெற்று முழுவதும் கல்லாவதற்குள், அந்தச் சுவர் இன்னும் ஓரிரு குளிர்காலங்களைக் கண்டிருக்கும்.